முந்நூற்றுப் பதினெட்டாவது ஜன்னல்

இந்த நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டுமா? இப்படி உட்கார்ந்தால் ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் வருகிறது. படத்தில் முகம் இருட்டாகத்தான் விழும். உங்கள் கேமராவைப் பார்த்துக்கொள்பவர் வேலைக்குப் புதிது போலிருக்கிறது. தப்பில்லை. நானும் முதல் இரண்டு வருடம் ஆட்களை இப்படித்தான் ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்தேன். அப்புறம் போட்டுப் பார்த்தால் எல்லோரும் நிழலாக இருப்பார்கள்.

இப்போது சரி. பை என் காலடியிலேயே இருக்கட்டும், இடைஞ்சல் இல்லை.

உங்கள் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'பங்கேற்பவர் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம்' என்ற மூன்றாவது வரி நான் எழுதியது. பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்காக எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதினேன். அப்புறம் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். இங்கே பார்த்தபோது, அடுத்த வீட்டுக் கொடியில் என் சேலை காய்வதைப் பார்த்த மாதிரி இருந்தது.

நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறீர்கள். நல்ல முறை. நானும் அதையேதான் செய்வேன். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பதினைந்து வரை எண்ணுவேன். பெரும்பாலானவர்கள் ஒன்பதைத் தாண்ட மாட்டார்கள். மௌனம் தாங்காமல், சொல்ல நினைக்காததைச் சொல்லிவிடுவார்கள். அவள் ஒருத்திதான் பதினைந்தையும் தாண்டி அப்படியே உட்கார்ந்திருப்பாள். கடைசியில் நான்தான் எதையாவது பேச வேண்டியிருக்கும். அவளை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான். நானும் பேச்சு குறைந்தவள்.

அவளை எல்லோரும் அச்சக்காரி என்று கூப்பிடுவோம். அவள் ஊரில் ஒரு சின்ன அச்சகத்தில் இருபது வருடம் அச்சுக் கோர்த்தவள். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்குகிற வேலை. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், செத்தவர்களுக்கான அறிவிப்பு. அவள் ஊரில் அந்த வேலை ரொம்ப நாள் மிஞ்சியிருந்தது. பிறகு ஊரே மிஞ்சவில்லை.

அகதிப் பெண்களிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் கதை தேய்ந்துபோயிருக்கும். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆகவே கேமராவை அவர்கள் கையிலேயே கொடுப்பது, எடுத்த படத்தை வைத்து அவர்களையே பேச வைப்பது, அந்தப் பேச்சை நான் வீடியோவில் பதிவு செய்வது என்று திட்டம் போட்டேன். ஆய்வின் பொருள், காத்திருத்தல். ஒரு முழு வருடம். அரை வருடம் காத்திருந்தவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

அகதிகளை வைத்திருந்த விடுதி, முன்பு ஓட்டலாக இருந்த ஐந்து மாடிக் கட்டடம். அறைக் கதவுகளில் பித்தளை எண்கள் அப்படியே இருந்தன. ஜன்னல்கள் திறக்காது. ஏசி ஓடிய காலத்தில் நிரந்தரமாக ஒட்டி மூடியவை. ஏசி போய்விட்டது, ஒட்டு மட்டும் போகவில்லை. காலையில் வெளியே போனால் வாசலில் கையெழுத்து, ஆறு மணிக்குள் திரும்பி வந்து இன்னொரு கையெழுத்து. ஒவ்வொருவர் கழுத்திலும் நான்கு இலக்கக் கோப்பு எண் எழுதிய அட்டை தொங்கும். அச்சக்காரியின் எண் மூன்று ஒன்று ஏழு நான்கு.

ஒன்பது பெண்களுக்குக் கேமரா கொடுத்தேன். வியாழக்கிழமைதோறும் கீழ்த்தளத்தில், பழைய சலவை அறையில் கூடுவோம். அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இரண்டே பாடம். எடுத்த படத்தை அழிக்கக் கூடாது, கெட்டுப்போன படத்தையும். அடுத்தது, நடுவில் இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் ஓரத்தைப் பாருங்கள். உண்மை ஓரத்தில்தான் நின்றுகொண்டிருக்கும். எனக்கும் ஒரு விதி வைத்திருந்தேன். அவர்கள் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். வக்கீலிடம் பேச மாட்டேன், சிபாரிசுக்குப் போக மாட்டேன். தலையிட்டால் நான் ஆராய்வது அவர்கள் வாழ்க்கையை அல்ல, என் கைவேலையை.

அச்சக்காரி தினமும் ஒரே படம்தான் எடுத்தாள். நான்காவது மாடியில் அவள் அறை ஜன்னல். சாயங்காலம் நான்கு மணிக்கு. உட்காரும் முக்காலிமேல் மூன்று பழைய தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கேமராவை வைத்து, ஒரே இடத்திலிருந்து. ஜன்னலுக்கு வெளியே ஆறடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் ஒரு குழாய். அவ்வளவுதான்.

"என்னடி இது, நேத்தும் இதே சுவரு, இன்னிக்கும் இதே சுவரு," என்பாள் சமையல்காரி. ஒரு காலத்தில் பள்ளிக்கூட விடுதியில் இருநூறு பேருக்குச் சமைத்தவள், வாய் ஓயாது. "ஊர்ல எல்லாரும் ஜன்னலத் தொறந்து காத்து வாங்குவாங்க. இவ மூடுன ஜன்னல்ல படம் வாங்குறா."

"நேத்து கொழாய்ல தண்ணி வழியல. இன்னிக்கு வழியுது பாரு."

"ஆமா, பெரிய அருவி. துண்ட எடுத்துக்க, குளிச்சிட்டு வந்துடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் காத்திருந்தேன், பதினைந்து வரை. அன்றைக்கு அதிசயமாக அவளே பேசினாள்.

"எம் பொண்ணு போன்ல கேட்டா, அம்மா உங்க ஜன்னல்ல என்ன தெரியும்னு. சுவருன்னு சொன்னா அழுவா. அதான் எடுத்து வெக்கிறேன். வந்ததும் உக்கார வெச்சு ஒவ்வொண்ணா காட்டணும். இந்தா, இது நீ இல்லாத மொத நாளு, இது ரெண்டாவது நாளுன்னு."

எல்லை தாண்டும்போது தாய் ஒரு வண்டியிலும் மகள் ஒரு வண்டியிலும் ஏற்றப்பட்டார்கள். மகளின் வண்டி பக்கத்து நாட்டிலேயே நின்றுவிட்டது. அங்கே ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தாள். மகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் தாய் இங்குள்ள அலுவலகத்தில் நேரில் ஆஜராகிக் கையெழுத்துப் போட்டால் அவளை வரவழைக்கலாம். முடிந்துவிட்டால் சட்டப்படி அவள் வேறு ஆள். ஆஜராவதற்கு அலுவலகம் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் இல்லாமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது. அவள் நான்கு முறை போய்த் திரும்பி வந்திருக்கிறாள். ஆகவே தினமும் பதினோரு மணிக்குத் தபால் வரும்போது கீழே இறங்கி வந்து வாட்ச்மேன் மேசைமுன் நிற்பாள்.

சலவை அறையில்தான் இன்னொன்றும் சொன்னாள். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்குமாம். அவர்கள் அதை அப்படியே படித்துத்தான் பிழை பார்ப்பார்களாம். "எனக்கு நேரா இருக்கறதவிட அதான் சீக்கிரம் ஓடும்," என்றாள். "அதான் நேரா இருக்கற ஆம்பள யாரும் இவ கண்ணுக்குத் தெரியல," என்றாள் சமையல்காரி. என் வீடியோவில் அது இருக்கிறது, இரண்டாவது மாதம். நானே பதிவு செய்து, நானே எழுதி வைத்து, நானே மறந்துபோனேன்.

ஒன்பது பேரில் ஐந்து பேர் பத்து மாதத்துக்குள் போய்விட்டார்கள். ஒருத்திக்கு அண்ணன் கிடைத்தான், ஒருத்திக்கு வேறு நாட்டில் இடம் கிடைத்தது, இப்படி. ஒவ்வொருத்தி போகும்போதும் மற்றவர்கள் வாசலில் நின்று கை தட்டுவார்கள். நானும் தட்டினேன். ஐந்து முறை தட்டினேன். ஆறாவதாகப் போன பெண் அதிகாலையிலேயே போய்விட்டதால் தட்ட முடியவில்லை. மீதி மூன்று பேர். அதில் சமையல்காரி நினைத்தபோதுதான் படம் எடுப்பாள். இன்னொருத்தி கேமராவைத் தொலைத்துவிட்டாள். ஒருநாள் விடாமல் எடுத்தவள் அச்சக்காரி ஒருத்திதான். நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

முந்நூற்றுப் பதினெட்டாவது நாள் மழை. தபால் பதினோரு மணிக்கு வரவில்லை, மூன்றரைக்கு வந்தது. நான் உள்ளே நுழையும்போது வாட்ச்மேன் ஒரு கவரில் தடித்த நீலப் பேனாவால் எண் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. எல்லாக் கடிதத்திலும் இப்படிக் கோப்பு எண்ணைப் பெரிதாக எழுதிவிடுவார்.

"அச்சக்காரம்மாவுக்கு வந்திருக்கு. லிப்ட் நின்னுபோச்சு, என் முட்டியும் நின்னுபோச்சு. நீங்க மேலதான போறீங்க, குடுத்துடுங்கம்மா."

நான் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். நான்கு மாடி ஏறுகிற வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் முக்காலிமுன் குனிந்திருந்தாள். மழை இருட்டுக்காக அறையில் டியூப்லைட் போட்டிருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம். அசையாம நில்லுங்க. நாலு ஆகப்போகுது."

நான் அசையாமல் நின்றேன். அவள் முதுகைப் பார்த்தேன். இந்தக் கவரை இப்போது கொடுத்தால் அவள் கை நடுங்கும், இன்றைய படம் ஆடிப்போகும் என்று நினைத்தேன். எடுத்து முடித்ததும் கொடுக்கலாம். அதைத்தான் நினைத்தேன், வேறு எதையும் இல்லை. கேமரா 'டிக்' என்றது. அவள் திரும்பியபோது கவர் என் பைக்குள் இருந்தது. யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். கை செய்தது.

"கீழ ஏதாவது வந்துச்சாக்கா?"

"மழை. தபால் இன்னும் வரலியாம்."

அவள் மின்கெட்டிலில் தேநீர் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். கட்டிலின் ஓரத்தில் அவளும் நாற்காலியில் நானுமாக ரொம்ப நேரம் பேசாமல் இருந்தோம். அது எங்கள் இருவருக்கும் பழக்கம்தான்.

இறங்கும்போது வாட்ச்மேனிடம் சொன்னேன்: "அது நல்ல சேதி இல்ல. மனசு ஒடஞ்சு போயிருக்கா. அதப்பத்தி அவகிட்ட எதுவும் கேட்டுடாதீங்க." அவர் உச்சுக் கொட்டி, "அடப் பாவமே, நான் எதுக்கு வாயத் தொறக்கறேன்," என்றார். நல்ல மனிதர். வாயைத் திறக்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் பேனா நிற்கிறது. கை செய்தது என்று சொன்னவள் வாட்ச்மேனிடம் எதற்காக அப்படிச் சொன்னாள் என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நானும் அதை யோசித்திருக்கிறேன். மறுநாள் கொடுக்கும்போது அவள் யாரிடமும் கேட்டுச் சங்கடப்படக் கூடாது என்றுதான் இருக்கும்.

துறைக்குப் போய்க் கவரைப் பிரித்தேன். பதினான்கு நாட்களுக்குள் நேரில் வர வேண்டும். மகளின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. ஒரு வருடம் முடிய நாற்பத்தேழு நாள் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களை அந்த வாரமே குடும்பங்களுக்கான வேறு விடுதிக்கு மாற்றிவிடுவார்கள். வேறு விடுதி என்றால் வேறு ஜன்னல். முந்நூற்றுப் பதினெட்டோடு நின்றுபோன வரிசைக்கு அர்த்தம் இல்லை. அது காத்திருத்தல் இல்லை, தாமதம்.

அன்று சாயங்காலமே அவள் கேமராவிலிருந்து எடுத்து வந்த படத்தைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். வெளியே இருட்டாகவும் உள்ளே வெளிச்சமாகவும் இருந்ததால் ஜன்னல் கண்ணாடியில் அறை முழுவதும் விழுந்திருந்தது. வலது ஓரத்தில் நான். கையில் கவர், பாதி பைக்குள். நீல எழுத்துகள் தெரிந்தன, இடவலம் மாறி. படத்தைத் திருப்பிப் போட்டுப் படித்தேன். மூன்று ஒன்று ஏழு நான்கு. பிறகு மறுபடியும் பழையபடி திருப்பி, தேதி எழுதி, மற்றப் படங்களோடு சேர்த்து வைத்தேன். அழிக்கவில்லை. குற்றம் செய்கிறவர்கள் தடயத்தை அழிப்பார்கள். நான் அதற்கு எண் கொடுத்து வைத்தேன். என்னைப் பற்றி உங்கள் குழு முடிவெடுக்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதினோரு நாள் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. வாட்ச்மேன் அதை எனக்காக எடுத்து வைத்திருந்தார். "நீங்களே பக்குவமா சொல்லிக் குடுங்கம்மா, பாவம்." அது இறுதி அழைப்பு. அதையும் முதல் கவரோடு சேர்த்து, மடங்காமல் இருக்க ஒரு அட்டைக்குள் வைத்தேன்.

அந்த நாட்களில் அவள் கீழே வந்து நிற்பதை வீடியோ எடுத்தேன். முன்பும் எடுத்திருக்கிறேன், ஆனால் இப்போது அவள் நிற்கிற விதம் மாறியிருந்தது. கையை மேசைமேல் வைக்க மாட்டாள். மேசையைத் தொட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பதுபோல ஒரு அடி தள்ளி நிற்பாள்.

"எனக்கு எதுவும் இல்லியாண்ணே?"

"வரும் தாயி. இந்த வாட்டி நல்லதா வரும்."

அவர் எதை நினைத்துச் சொன்னார், அவள் எதை நினைத்துக் கேட்டாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் தலையை ஆட்டிவிட்டு மாடிப்படி ஏறுவாள். அந்த நாற்பது வினாடி, நான் இதுவரை எடுத்ததிலேயே சிறந்தது. நான் யாரையும் நடிக்கச் சொன்னதில்லை. இப்படி நில்லு, அப்படிப் பாரு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் படத்தில் இருப்பது முழுக்க உண்மையான காத்திருத்தல்.

பிறந்தநாள் அன்று அவளே என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இன்னிக்குப் பொண்ணுகிட்ட பேசறத எடுத்துடுங்க. அவளும் ஒருநாள் பாக்கட்டும்." கேமராவை முக்காலி ஸ்டாண்டில் வைக்கும் கேமராக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்கள் ஆளுக்கும் தெரிந்திருக்கும். கேமரா ஆடாமல் இருக்க முக்காலியின் நடுக்கொக்கியில் பையை மாட்டிக் கனம் கொடுப்போம். அன்று என் பையை மாட்டினேன். இரண்டு கவரும் அதில்தான் இருந்தன.

"அம்மா, நாளைக்கு இங்கேர்ந்து போகச் சொல்லிட்டாங்க."

"எங்கடி போகச் சொல்றாங்க?"

"தெரியல. பெரியவங்க இருக்கற எடமாம். வேற ஊராம். அம்மா, லெட்டர் இன்னும் வரலியா?"

"வரும்டி தங்கம்."

"நீங்க போய்க் கேட்டீங்களா? சும்மா வரும் வரும்னு உக்காந்திருக்கீங்களா?"

"தெனமும் கேக்கறேன்டி. தெனமும்."

"எங்கூட இருந்த எல்லாருக்கும் வந்துடுச்சும்மா."

பிறகு இருவரும் பேசவில்லை. அந்த மௌனம் ஒரு நிமிடம் பத்து வினாடி. படம் துளிகூட ஆடவில்லை.

முந்நூற்று ஐம்பத்திரண்டாம் நாளிலிருந்து மகளின் போன் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்ல ஆரம்பித்தது. அச்சக்காரி தினமும் அந்தக் குரலைக் கேட்பாள், முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். நான்கு மணிப் படத்தை மட்டும் விடவில்லை. கடைசி நாள் எடுத்து முடித்ததும், "நிறுத்திடலாமாக்கா, இல்ல இன்னும் எடுக்கணுமா?" என்று கேட்டாள். போதும்மா என்றேன். அவள் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கி வைத்தாள். அதை நான் வீடியோ எடுக்கவில்லை. இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

கண்காட்சிக்கு ஒரு நீளமான கூடம் கிடைத்தது. முந்நூற்று அறுபத்தைந்து படங்களையும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் மாட்டினோம். முந்நூற்றுப் பதினெட்டாவதை என்ன செய்வது என்று நான் யோசிக்காமல் இல்லை. எடுத்துவிட்டால் முந்நூற்று அறுபத்து நான்கு. நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம் கண்ணை உறுத்தும். மேலும், கூட்டத்தில் யார் ஒரு சின்னப் படத்தின் ஓரத்தில், கண்ணாடியில் மாறி விழுந்த நான்கு எழுத்தைப் படிக்கப் போகிறார்கள்?

திறப்புக்கு முந்தின நாள் அவளையும் சமையல்காரியையும் வரவழைத்துக் காட்டினேன். சமையல்காரி கூடத்தின் நடுவில் நின்று, "யம்மா, ஒரு சுவத்த எடுத்துட்டு வந்து இத்தன சுவத்துல மாட்டி வெச்சிருக்கீங்களே," என்றாள். அச்சக்காரி முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றின் முன்னும் நின்றாள். எந்த நாள் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "இது அவளுக்குக் காச்சல் வந்த அன்னிக்கு." "இது அவ பாட்டுப் போட்டியில ஜெயிச்ச அன்னிக்கு." முக்கால் மணி நேரம் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

முந்நூற்றுப் பதினெட்டின் முன்னால் நின்றவள் நகரவில்லை. நான் எண்ணினேன். பதினைந்து தாண்டியது. முப்பது தாண்டியது.

"அக்கா, இதுல நீங்க இருக்கீங்க."

"மழை நாள். கண்ணாடியில விழுந்திருக்கும்."

"ஓரத்துல." அவள் கிட்டே போகக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே, நாம் கடைப் பலகை படிப்பதுபோல் படித்தாள். "மூணு. ஒண்ணு. ஏழு. நாலு." பிறகு கழுத்து அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அதில் வேறு எண் இருக்கக்கூடும் என்பதுபோல. "அன்னிக்குத் தபால் வரலன்னு சொன்னீங்களே."

சமையல்காரி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "என்னடி சொல்ற? என்ன நம்பரு?"

"குடுங்கக்கா," என்று அச்சக்காரி கையை நீட்டினாள். கோபமே இல்லை. தேநீர் தம்ளரைத் திரும்பக் கேட்பதுபோல் கேட்டாள்.

கொடுத்தேன். அட்டையோடு கொடுத்தேன். இரண்டையும் படித்தாள். தேதிகளை விரல்விட்டு எண்ணினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இதெல்லாம் அவளுக்காக எடுத்தது."

மூன்றாவது வரி ஞாபகம் இருக்கிறதா? எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல். அவள் காரணம் சொல்லவில்லை. கழற்ற ஆரம்பித்தாள். சமையல்காரி கூடவே கழற்றினாள். அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்தது அன்றுதான். நானும் உதவப் போனேன். "தொடாத," என்றாள் சமையல்காரி. அதுவரை அவள் என்னை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலைக்குள் கூடம் காலியாகிவிட்டது. ஒரு படத்தை மட்டும் சுவரிலேயே விட்டிருந்தார்கள். எது என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரே ஒரு படம். பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர் அதன்முன் ரொம்ப நேரம் நின்றுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு வருஷத்த ஒரு படமாக்கிட்டீங்க. இந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?" என்றார். நான் நன்றி சொன்னேன்.

அச்சக்காரி அன்றைக்கே உங்கள் குழுவுக்கு மனு எழுதிக் கொடுத்தாள் என்று பிறகு தெரிந்தது. பிழையே இல்லாத மனு என்று கேள்விப்பட்டேன்.

ஆக, உங்கள் படிவத்தில் உள்ள கேள்விக்குப் பதில்: ஆமாம். இரண்டு கடிதங்களையும் நான்தான் மறைத்தேன். தெரிந்தே மறைத்தேன். மகள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று நீங்கள் எழுதினால் மறுக்க மாட்டேன். வருத்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நான் எப்போதும் தலையிடாதவள். ஒரே ஒரு முறை தலையிட்டேன், அது தப்பாகப் போயிற்று. அதிலிருந்து நான் பாடம் கற்றுக்கொண்டேன் என்பதற்கு உங்களிடம் ஒன்றைக் காட்ட முடியும்.

பையை எடுக்கிறேன்.

போன மாதத்துக்கு முந்தின மாதம் என் கேமரா முக்காலியை எடுத்து வர விடுதிக்குப் போனேன். அச்சக்காரியை அதற்குள் வேறு ஊர் விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். வாட்ச்மேனுக்கு நடந்தது எதுவும் தெரியாது, யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். "அச்சக்காரம்மாவுக்கு ஒண்ணு வந்து கெடக்கு. புது விலாசம் உங்களுக்குத்தான் தெரியும். சேத்துடுங்கம்மா."

இதோ. வெளிநாட்டு முத்திரை. விலாசம் கையால் எழுதியது, சின்னப் பெண்ணின் கையெழுத்து. பின்பக்கம் 'அவசரம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது. நாற்பத்து மூன்று நாளாக என்னிடம் இருக்கிறது.

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். விசாரணை முடியும்வரை அந்தப் பெண்ணை நேரிலோ, கடிதம் மூலமோ, வேறொருவர் மூலமோ தொடர்புகொள்ளக் கூடாது என்று எனக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாவது பத்தி, கீழே உங்கள் கையெழுத்து. நான் அதை ஒரு நாள்கூட மீறவில்லை. தினமும் எடுத்துப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

நன்றாகப் பாருங்கள், ஒட்டு அப்படியே இருக்கிறது. இந்த முறை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.